தேனீ கட்டிய வதை, வெள்ளியில் வார்த்த பதக்கம்: படுவான்கரைப் பணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைத் தோட்டமொன்றில் இருந்த தேன்பெட்டிக்குள் கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தி, அதற்குள் தேனீக்கள் கட்டிய வதையை (தேனடையை) எடுத்து, வெள்ளியில் வார்த்துப் பதக்கமாக்கிய பணியின் விவரம் இது. பதக்கத்தின் விட்டம் 34 மில்லிமீற்றர், அறைகள் 50 சொச்சம், வெள்ளி ஏறக்குறைய 12 கிராம். சொல்லும்போது இலேசான வேலையாகத் தெரியும்: வதையைச் சுற்றி அச்சு இட்டு, மெழுகை உலையில் எரித்துப் போக்கி, அது விட்ட இடத்தில் உருகிய வெள்ளியை ஊற்றுவது. ஆனால் தேனீ தன் அறைச் சுவரைச் சுமார் 0.07 மில்லிமீற்றர் தடிப்பில் கட்டுகிறது; உருகிய வெள்ளி 0.4 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடுக்கில் ஒழுங்காக ஓடி நிரம்புவதில்லை. பணி முழுவதும் இந்த இரண்டு இலக்கங்களுக்கு நடுவில்தான் நடந்தது.

ஏன் தேனீ

பூச்சியோடு சேர்ந்து நகை செய்வது என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் பிரெஞ்சுக் கலைஞர் ஹூபேர் டுப்ரா. ஓடையடியில் மணலையும் குச்சியையும் தன் பட்டிழையால் ஒட்டி, குழாய் போன்ற கூட்டைக் கட்டி அதற்குள் வாழும் கேடிஸ் புழுவைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, பொன் துகளும் முத்தும் மணிக்கல்லும் மட்டுமே கிடக்கும் தொட்டியில் விடுவார். புழு அவற்றைக் கொண்டே கூட்டைத் திரும்பக் கட்டும். 1980களின் தொடக்கத்திலிருந்து அவர் செய்துவரும் வேலை இது. அதை இங்கே கொண்டுவருவது பற்றி ஆசையோடு பேசுபவர்கள் உண்டு. அவர் பாவித்த புழுக்கள் குளிர்ந்த, ஓடும் நன்னீருக்குப் பழகியவை. இங்கே வாவி உவர். குளமும் வாய்க்காலும் சித்திரை வெயிலில் கை வைத்தாலே வெதுவெதுக்கும். நீரைக் குளிர்விக்கும் கருவி இரவு பகலாக ஓட வேண்டும், ஒரு மதியம் கறண்ட் நின்றால் தொட்டி முழுக்கப் போய்விடும். அந்தச் செலவுக்கு நியாயம் சொல்ல முடியாது.

பொன்வண்டின் மேற்சிறகை நகையில் பதிப்பது தெற்காசியாவில் பழைய வழக்கம். அழகுதான். ஆனால் அது பூச்சியின் ஓட்டை மனிதர் எடுத்துப் பாவிப்பது; பூச்சி அதில் வேலை எதுவும் செய்வதில்லை. தேனீ அப்படியல்ல. சுலோவாக்கியாவில் பிறந்து நெதர்லாந்தில் பணிசெய்யும் தொமாஷ் லிபர்டினி, பூச்சாடி வடிவில் செய்த மெழுகு உருவைப் பெட்டிக்குள் வைத்துத் தேனீக்களை அதன்மேல் கட்டவைத்தார். கனடாவின் அகனேத்தா டைக் பீங்கான் பொம்மைகளையும் சப்பாத்துகளையும் வைத்தார். இருவரும் பாவித்தது பெரிய ஐரோப்பியத் தேனீ. எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் இருப்பது மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக வதை கட்டும் சின்ன ஆசியத் தேனீ, ஏபிஸ் செரானா. இரண்டுக்கும் பழக்கம் வேறு. வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்துச் செய்தால் பிழையாகும் இடங்களும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

மூன்று வித்தியாசங்கள் இந்த வேலைக்கு முக்கியம். செரானாவின் வேலைக்காரி அறை சிறியது. எதிர்ச் சுவர்களுக்கு இடையே 4.3 முதல் 4.5 மில்லிமீற்றர். பதக்கத்துக்கு இது நல்லது, சின்ன வட்டத்துக்குள் நிறைய அறை அடங்கும். அடுத்தது, ஐரோப்பியத் தேனீ செய்வதுபோல இது மரப்பிசினைச் சேர்த்துக் கொண்டுவந்து இடுக்குகளை அடைப்பதில்லை. அதனால் மெழுகு வெளிறிய, துப்புரவான மெழுகாகவே இருக்கும். ஆனால் தளர்வாக மாட்டிய எதையும் பூச்சி இறுக்கித் தராது, ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, கோபம் வந்தால் கொட்டுவதோடு நிற்காமல் பெட்டியையே விட்டுப் போய்விடும். கூட்டம் கிளம்பிப் போவது செரானா வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்த தொல்லை.

காலம்

வடகீழ்ப் பருவமழை கார்த்திகை, மார்கழியில் ஊரை நனைக்கும்போது பெட்டிக்குள் புது வதை எதிர்பார்க்கக்கூடாது. மழை விட்டபின் மா, முந்திரிகை, பின்னர் வேம்பு, புங்கு என்று பூக்கத் தொடங்கும். மாசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வரைதான் வளையம் வைக்கும் காலம். தென்னம்பூ ஆண்டு முழுக்க இருந்தாலும் அது கூட்டத்தைத் தாக்குப்பிடிக்க வைக்குமே தவிர, புது மெழுகு கட்டுமளவுக்குத் தூண்டாது.

பூவோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. படுவான்கரை நெற்பூமி. முன்மாரி வேளாண்மைக்கு மருந்தடிக்கும் நாட்களில் வயலோரக் களைப்பூவுக்குப் போன தேனீ திரும்பாது. வாசலில் நாக்கு நீட்டியபடி செத்துக்கிடக்கும் தேனீக்கள் மருந்தைத்தான் காட்டுகின்றன. அறுவடை முடிந்து சிறுபோகத்து மருந்து தொடங்கும் முன் உள்ள இடைவெளி மேலே சொன்ன பூக்காலத்தோடு ஒத்துவருவது அதிர்ஷ்டம். ஆனிக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து அனல் வீசத் தொடங்கினால் தேன் வரத்து வற்றும். தகரக் கூரையின் கீழுள்ள பெட்டியில் புது வதை தன் பாரத்தில் தானே தொய்ந்து கீழே விழும். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகை செல்சியஸில்தான் என்றாலும் 38, 40ஐத் தாண்டும்போதே வலுவை இழந்துவிடும்.

பெட்டிக்கு மேலே கிடுகு நிழல், கால்களுக்குக் கீழே நீர் நிரப்பிய தயிர்ச் சட்டி நான்கு. முசுறுக்கு இது போதாது. அது நீரைக் கடக்காது, ஆனால் மேலே உரசும் மாங்கிளையிலிருந்து இறங்கும். ஆகவே கிளையை வெட்டிவிட வேண்டும்.

வளையம்

முதலில் வளையத்தை வெள்ளியிலேயே செய்து பெட்டிக்குள் வைத்து, வதையோடு சேர்த்து வார்த்துவிடலாம் என்று தோன்றும். அது சரிவராது. அச்சுக்குள் உலையில் சூடேறும்போது வளையத்தின் மேற்பரப்பு கறுத்துவிடும், ஊற்றும் வெள்ளி அதனோடு பிணையாது. பார்க்க ஒட்டியிருக்கும், ஒரு தட்டுக்கு விலகும். பித்தளையும் செம்பும் வேறு தொல்லை: மெழுகிலுள்ள கொழுப்பமிலம் பட்டுப் பச்சை பூக்கும், அந்தப் பச்சை வதைக்குள் இறங்கும். பெட்டிக்குள் போகும் வளையம் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாக, 1.2 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் போதும். வெள்ளி வளையம் பின்னர் பட்டறையில் தனியாகச் செய்யப்படும்.

வெறும் எஃகில் தேனீ கட்டத் தயங்கும். அதே பெட்டியின் பழைய வதையை உருக்கி வடித்த மெழுகில் வளையத்தை ஒரு தடவை முக்கி எடுக்க வேண்டும். வேறு இடத்து மெழுகென்றால் நாட்கணக்கில் முகர்ந்துவிட்டுப் போகும். வளையத்தின் உட்புறம் மேல் உச்சியில் 3 மில்லிமீற்றர் அகல மெழுகு நாடா ஒன்றை நேராக ஒட்டுவது அதைவிட முக்கியம். தேனீ மேலிருந்து கீழ்நோக்கிக் கட்டும். ஒன்றின் காலை ஒன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கிக்கொண்டு அந்த நாடாவைப் பிடித்து இறங்கும். நாடா வளையத்தின் தளத்தில் இல்லாமல் சரிந்திருந்தால் வதை வளையத்துக்கு வெளியே வளைந்து போகும், பிறகு திருத்த வழி இல்லை.

வளையத்தைச் சட்டத்தில் நூலால் கட்டக்கூடாது. செரானா நூலைக் கடித்து நார் நாராக வெளியே இழுத்துப் போட்டுவிடும், வளையம் அடியில் கிடக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எஃகுக் கம்பிக் கால்களைச் சட்டத்தின் மரத்தில் இறக்கி அசையாமல் நிறுத்த வேண்டும். சட்டத்தின் மற்றப் பகுதியை மெல்லிய பலகையால் அடைத்து, வளையத்தைச் சுற்றி 7 முதல் 8 மில்லிமீற்றர் இடைவெளி விடப்படும். அது தேனீ நடந்து திரியும் அளவு, ஆகவே சும்மா விட்டுவிடும். 12, 15 என்று கூடினால் அங்கேயும் வதை கட்டி வளையத்தைப் பலகையோடு பிணைத்துவிடும். 4க்குக் குறைந்தால் மெழுகால் அடைக்கும். இந்தச் சட்டத்தை அறுக்க ஓடாவிக்குக் கொடுக்கும்போது அளவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்; கதவு நிலைக்கு 3 மில்லிமீற்றர் ஒரு பொருட்டல்ல, இங்கே அதுதான் எல்லாம்.

பெட்டிக்குள் எந்த இடம் என்பதும் கவனிக்க வேண்டியது. புழு வதைகளின் நடுவே வைத்தால் வேகமாகக் கட்டும், ஆனால் அறை அரைகுறையாக இருக்கும்போதே இராணி முட்டை வைத்துவிடும். ஓரத்தில் கடைசியாக வைத்தால் கவனிக்காது. ஓரத்திலிருந்து இரண்டாவது இடம் சரி. ஆறு வதை நிறையத் தேனீ இல்லாத கூட்டத்துக்கு வளையமே வைக்கக்கூடாது. பெட்டிக்கு இரண்டு வளையத்துக்கு மேல் வேண்டாம். பூ வரத்து கொஞ்சம் மந்தமென்றால் சீனியும் நீரும் சம எடையில் கரைத்த பாகு 200 மில்லிலீற்றர், பொழுது பட்டபின் உள்ளே வைக்கலாம். பகலில் வைத்தால் அயல் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வரும். பஞ்ச காலத்தில் பாகு கொடுத்து மெழுகு கட்டவைக்க முயல்வது வீண். பாகைச் சேமித்துவைக்குமே ஒழியக் கட்டாது.

எடுக்கும் நாள்

நல்ல வரத்தில் 34 மில்லிமீற்றர் வளையம் ஓரிரு நாளிலேயே நிரம்பும். முழுமையான அறையின் ஆழம் 10 மில்லிமீற்றரளவு வரும். இந்தப் பணிக்கு வேண்டியது 3 அல்லது 4. ஆகவே தேனீயை வேலையின் நடுவில் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாள் பிந்தினால் ஆழம் கூடும், முட்டையும் விழும். முட்டை கண்ட வளையத்தை எடுக்காமல் திருப்பி வைத்துவிடுவது இந்தப் பணியின் கட்டாய விதியாக இருந்தது. குஞ்சுக்காக மட்டுமல்ல. ஒருமுறை குஞ்சு வளர்ந்த அறையின் உட்புறத்தில் கூட்டுப்புழுவின் பட்டுத் தோல் ஒட்டிக்கொள்ளும். மெழுகைப்போல உருகி ஓடாத அந்தத் தோல் உலையில் கரியாகிச் சாம்பல் விட்டு, வார்ப்பில் குழி குழியாகக் காட்டும்.

பார்ப்பது மாலையில் ஒருமுறை மட்டும், அந்தச் சட்டத்தை மட்டும் உயர்த்தி. காய்ந்த தேங்காய்ப் பொச்சின் புகை இரண்டு ஊது போதும். தேனீக்களை உதறக்கூடாது, புது வதை சட்டத்தோடு சேர்ந்து அதிர்ந்து முறியும். கோழி இறகால் மேல்நோக்கித் தடவிவிட வேண்டும்.

எடுத்த வதையைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தால், செய்ததற்கான காரணம் முழுக்க அதில் இருக்கிறது. நடுவில் ஒழுங்கான அறுகோணங்கள். வளையத்தை நெருங்க நெருங்க, வளைந்த கம்பிக்கும் ஆறு பக்கத்துக்கும் ஒத்துவராத இடங்களில் தேனீ சமரசம் செய்திருக்கும்: ஐந்து பக்க அறை, ஒரு பக்கம் நீண்ட அறை, இரண்டாகப் பிளந்த அறை, வெறும் முட்டுச் சுவர். இரண்டு பக்கமிருந்து கட்டிவந்த குழுக்கள் சந்தித்த இடத்தில் கோணலாக ஒரு வரிசை ஓடும். கணினியில் வரைந்த தேன்கூட்டுப் பதக்கம் சந்தையில் நிறைய உண்டு. அவற்றில் அறுகோணத்தை விளிம்பில் வட்டமாக வெட்டியிருப்பார்கள்; ஓர் அறைகூட விளிம்பைப் பற்றி யோசித்திருக்காது. மறுபக்கம் திருப்பினால் இன்னொன்று தெரியும். ஒவ்வோர் அறையின் அடியும் மூன்று சாய்சதுரத் தகடுகள் கூடிய கூர்; ஒவ்வொரு தகடும் மறுபக்கத்து வேறு வேறு அறைக்கு அடி. பதக்கத்தின் பின்பக்கத்தில் இந்தச் சாய்சதுரக் கோலம் தெரியும்படி வைத்ததை நாங்கள் இந்தப் பணியின் சிறந்த முடிவாகக் கருதுகிறோம்.

அறைக்குள் தேன் துளி இருந்தால் குளிர்ந்த நீரில் அலசி, கவிழ்த்து, விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். சீனி எஞ்சினால் உலையில் கரியாகும். பிறகு மூடிய டப்பாவில் இட்டு உறைபெட்டியில் ஒரு நாள். மெழுகு அந்துப்பூச்சியின் முட்டை செத்துவிடும். இல்லாவிட்டால் அலமாரியில் வைத்த வதை அடுத்த மாதம் வலையும் எச்சமுமாகக் கிடக்கும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்கக்கூடாது. எங்கள் ஊர் ஈரப்பதத்தில் குளிர்ந்த வதைமேல் நொடியில் நீர் படியும், அடுத்த வேலை கெடும். அரை மணித்தியாலம் மூடியே இருக்கட்டும்.

எஃகு வளையத்தைக் கழற்றக் கத்தி வேண்டாம். பற்றுவைக்கும் மின் இரும்பின் நுனியைக் கம்பியின் வெளிப்புறத்தில் சில விநாடி தொட்டு நகர்த்திக்கொண்டு போனால் கம்பியோடு ஒட்டிய மெழுகு மட்டும் இளகும், வதை விளிம்புச் சுவர்களோடு முழுசாக விழும். வதை இரு பக்கமும் அறை கொண்டது. இரண்டையும் வைத்தால் பதக்கம் 20 கிராமைத் தாண்டி அட்டியல் போலக் கனக்கும். பின்பக்கத்து அறைகளைப் புது அறுவைக் கத்தியால் அடித்தகட்டுக்கு அரை மில்லிமீற்றர் மேலே விட்டு மெதுவாகச் சீவ வேண்டும். குளிரில் சீவினால் நொறுங்கும், 30 பாகையில் கத்தியோடு இழுபடும். 20, 22 அளவில் இருப்பது கைக்கு வாகு. குளிரூட்டிய அறை இல்லாதவர்கள் விடியற்காலையில் செய்யலாம்.

தடிப்பேற்றல்

இந்த நிலையில் வதையின் எடை கால் கிராமுக்கும் குறைவு. தராசு 0.01 கிராம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், நகைக்கடைத் தராசு போதும். இதை அப்படியே வார்த்தால் என்ன நடக்கும் என்பதையும் செய்து பார்த்தாயிற்று: அறைகளின் வாய் விளிம்பு மட்டும் ஓரளவு வரும், சுவர் வராது. காரணம் தேனீயின் கட்டுமுறை. சுவரை உயர்த்திக்கொண்டு போகும்போதே உச்சியில் மெழுகுத் தடிப்பான விளிம்பு ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகும். அது சுவரைவிடப் பல மடங்கு தடிப்பு. வெள்ளி அதில் ஓடியது, கீழே 0.07 மில்லிமீற்றர் இடுக்கில் உறைந்து நின்றது. கிடைத்தது அறுந்த வலை.

தேன்மெழுகையே உருக்கி வதையை முக்கினால் வதையும் சேர்ந்து கரையும். இரண்டும் ஒரே உருகுநிலை. தூரிகையால் பூசினால் அறையின் வாயருகே கட்டியாகும், அடிக்குப் போகாது. சரிவந்தது மெழுகுதிரிப் பரபின். 52 முதல் 54 பாகையில் உருகும் வகை. அதை 57, 58 பாகையில் நீர்க்குளியலில் வைத்துக்கொண்டால், தேன்மெழுகின் உருகுநிலைக்குக் கீழேயே நின்றுகொண்டு அதன்மேல் படை ஏற்றலாம். இடைவெளி நான்கைந்து பாகைதான். வெப்பமானி இல்லாமல் கைப்பக்குவத்தில் செய்யும் வேலையல்ல இது.

வதையை விளிம்பில் ஊசியால் பிடித்து, சரிவாக இறக்கி, ஒரு விநாடிக்குள் வெளியே எடுத்து, உடனே அறைகளின் வாய்க்கு நேராக ஊத வேண்டும். ஊதாவிட்டால் பரபின் அறையின் வாயில் தோல் கட்டி அடைத்துவிடும். அடைத்த அறையைத் திறக்க முயன்றால் சுவர் போகும். தட்டார் பட்டறை ஊதுகுழலின் மெல்லிய காற்று இதற்கு அளவானது, தலைமுடி உலர்த்தி கூடாது. அடுத்த முக்குக்கு முன் முழுக்க ஆறவிட வேண்டும். சூடு தங்கியிருக்கும்போது இரண்டாவது முறை முக்கினால் உள்ளே இருக்கும் வதை தொய்ந்து அறுகோணம் முட்டை வடிவாகும்.

எத்தனை முக்கு என்பதைத் தராசுதான் சொல்லும். அளவுகோலை அறைக்குள் நுழைக்க முடியாது. கணக்கு இப்படி: 4.4 மில்லிமீற்றர் அறைக்கு, பக்கத்து அறைகளோடு பங்கிட்டது போக, 7.6 மில்லிமீற்றர் நீளச் சுவர் சேரும். ஆழம் 3, தடிப்பு 0.5 என்றால் சுவருக்கு 11.4 கன மில்லிமீற்றர். அடித்தகட்டுக்கு இன்னொரு 8.4. 54 அறைக்கு மொத்தம் 1070 கன மில்லிமீற்றர் அளவு, மெழுகில் ஒரு கிராம். தராசு 1.0 காட்டும்போது நிறுத்திவிட வேண்டும். 1.3 போனால் அறைகள் வட்டமாகித் தேனீயின் வேலை மறைந்துவிடும்.

இந்தக் கணக்கு ஒன்றை அம்பலப்படுத்துகிறது. வார்க்கப் போகும் ஒரு கிராம் மெழுகில் தேனீயின் பங்கு ஐந்தில் ஒன்றுதான், மீதி மெழுகுதிரி. தேனீ தந்தது கோடுகளை. கனத்தைக் கொடுத்தது பட்டறை. 'முழுக்கத் தேனீ செய்தது' என்று சொல்லி விற்பவர்களிடம் வார்ப்புக்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் போதும். கூட்டத்துக்கு ஏற்பட்ட இழப்பையும் இதே தராசில் வைக்கலாம்: ஒரு கிலோ மெழுகு சுரக்க 6 முதல் 8 கிலோ தேன் செலவாகும் என்ற வழக்கமான கணக்குப்படி, கால் கிராம் மெழுகுக்கு 2 கிராம் தேனுக்கு மேல் போகாது. தேனீக்கு நட்டம் மெழுகில் அல்ல, பெட்டியை நாம் திறப்பதில்தான்.

அச்சு

நம் சிற்பிகள் காலங்காலமாகத் தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருச்செய்து, வண்டல் மண் பூசிப் படிமம் வார்த்து வந்திருக்கிறார்கள். மண் அச்சையே பாவிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. படிமத்தின் வெளிப்பரப்பில் மண் நன்றாகப் படியும். ஆனால் 4 மில்லிமீற்றர் அகலக் கிணறுகள் ஐம்பதுக்குள் இறங்கிய மண் காயும்போது சுருங்கும், சுவரைவிட்டு விலகும். விலகிய இடத்தில் வெள்ளி புகுந்து அறைக்குள் திரை கட்டும். ஆகவே நகை வார்ப்புக்கான சிலிக்கா கலந்த ஜிப்சம் மா.

அதிலும் முதல் முயற்சிகளில் அறைகளுக்குள் சின்னச் சின்ன வெள்ளிக் குண்டுகள் வந்தன. மெழுகில் நீர் ஒட்டாது, அறையின் அடிக்கூரில் காற்று தங்கிவிடும், அந்தக் குமிழில் வெள்ளி நிறையும். தீர்வு மலிவானது: ஸ்பிரிற்றில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்தூரிகையால் ஒவ்வோர் அறைக்கும் தொட்டு, ஊதி உலரவிட்டபின் மா ஊற்றுவது. எடையில் 100க்கு 40 நீர். மூன்று நிமிடத்துக்குள் கலந்து, வெற்றிடப் பம்பில் கொதிக்கவிட்டு, வதையை நிறுத்திய அச்சு உருளையின் பக்கச் சுவரோரமாக ஊற்றி, வதை மூழ்கியபின் மீண்டும் பம்பில் வைக்க வேண்டும். கலக்கியதிலிருந்து ஒன்பது நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், பிறகு இறுகத் தொடங்கும்.

வெள்ளி உள்ளே ஓட வழிவிடும் வார்ப்புத் தண்டு ஒன்று போதாது. 3 மில்லிமீற்றர் தடிப்பில் நடுத்தண்டு, அதிலிருந்து விளிம்பின் நான்கு இடத்துக்கு 1.5 மில்லிமீற்றர் கிளைகள். வதை உருளைக்குள் படுத்திராமல் சரிந்து நிற்க வேண்டும். படுத்திருந்தால் வெள்ளி ஒரு பக்கம் நிரம்பும்போதே மறுபக்கம் உறைந்துவிடும்.

இரண்டு மணித்தியாலம் இறுகவிட்டு, உலையில் 150 பாகையில் இரண்டு மணித்தியாலம், 370இல் இரண்டு, 730இல் மூன்று. 730ஐத் தாண்டவிடக்கூடாது, அதற்குமேல் போனால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு விடும், வெள்ளி கறுத்து நொறுங்கும் தன்மை பெறும். அவசரப்பட்டு 150ஐக் குறுக்கினால் உள்ளே நின்ற ஈரம் கொதித்து, அறைகளுக்குள் இருக்கும் மெல்லிய மா முளைகளை முறிக்கும். முறிந்த முளை எங்கே விழுகிறதோ அங்கே ஓட்டை.

ஊற்றல்

வெள்ளியின் எடைக்கு மெழுகின் எடையை 10.5ஆல் பெருக்கி, தண்டுக்கும் அடிக்கட்டிக்கும் (ஊற்றுவாயில் மிஞ்சி உறையும் வெள்ளி) 15 கிராம் கூட்ட வேண்டும். ஒரு கிராம் வதைக்கு ஏறக்குறைய 26 கிராம் உருக்கப்பட்டது. 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 900 பாகைக்குச் சற்றுக் கீழே முழுக்க உருகும், ஊற்றும்போது 980. தடித்த நகைக்கு உருளையை 500 பாகைக்கு இறக்கிவிடுவார்கள். இங்கே அப்படி இறக்கியபோது சுவர்கள் பாதியில் நின்றன; 600இல் நிரம்பின. 650க்கு மேல் வைத்தால் நிரம்பும், ஆனால் மேற்பரப்பு சொரசொரக்கும். மூசையில் வெங்காரம் ஒரு சிட்டிகை. வெறும் ஈர்ப்பில் ஊற்றும் வார்ப்பு இந்தத் தடிப்புக்கு எடுபடாது. சுழல் வார்ப்பில் வெள்ளி விசையோடு இடுக்குக்குள் போகும்.

அடிக்கட்டியின் சிவப்பு மறைந்து சில நிமிடம் கழித்து உருளையை நீரில் இட்டால் மா பெரும்பாலும் வெடித்துக் கழன்றுவிடும். அறைகளுக்குள் நிற்கும் மிச்சத்தைக் கம்பியால் குத்தி எடுக்க ஆசை வரும். குத்தினால் 0.5 மில்லிமீற்றர் சுவர் வளைந்துவிடும். வெந்நீரில் எலுமிச்சை உப்பு கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பல் தூரிகையால் தட்டினால் போதும்.

விளிம்பும் முடிப்பும்

வெள்ளி வளையம் 1.2 மில்லிமீற்றர் கம்பியில், உள்விட்டம் வார்ப்பை விட இம்மியளவு சிறிதாகச் செய்யப்பட்டது. உருகி உறையும்போது வார்ப்பும் கொஞ்சம் சுருங்கியிருக்கும், ஆகவே வளையத்தை வார்ப்பை அளந்தபின்தான் வளைக்க வேண்டும். விளிம்புச் சுவர்கள் வளையத்தைத் தொடும் எல்லா இடத்திலும் பொடி (பற்றாசு) வைத்து ஊதினால் அது வழிந்து அந்த ஐந்து பக்க அறைகளை நிரப்பிவிடும். ஆறு ஏழு இடத்தில் மட்டும், குறைந்த சூட்டில் உருகும் பொடியைக் கடுகளவு வைத்து ஊதுவது சரி. ஊதும் தீயை வளையத்தில் காட்ட வேண்டும், வதையில் அல்ல. மெல்லிய சுவர் வளையத்துக்கு முன்பே சிவந்து உருகிவிடும். தொங்கும் கொளுக்கி, தேனீ மேல் என்று கட்டிய பக்கத்தில்: அறையின் ஒரு கூர் மேலும் ஒரு கூர் கீழுமாக நிற்கும் நிலை அதுதான். பக்கவாட்டில் வைத்தால், காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூட உறுத்தும்.

மினுக்கச் சுழல் துணி வேண்டாம், அறை வாய்களை மழுக்கிவிடும். புளிக்கரைசலில் கொதிக்கவைத்து, பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைத் தூரிகையால் தேய்க்கும் பழைய தட்டார் முறையே போதும். அறைகளின் அடியைக் கந்தகக் கரைசலில் கறுப்பாக்கி, வாய் விளிம்பை மட்டும் விரலால் வெண்மாத் தேய்த்து வெளுக்கவைத்தபோது ஆழம் எடுத்துக் காட்டியது.

வார்க்காமல், வதையையே கண்ணாடி மூடிக்குள் வைத்துக் கழுத்தில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மேசையில் வைக்கலாம். உடம்புச் சூடும் ஊர்ச் சூடும் சேர்ந்த இடத்தில், அதுவும் வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் கழற்றி வைத்தால், மாலைக்குள் தொய்ந்துவிடும்.

காட்டுத் தேனீயைக் கேட்பவர்களுக்கும் ஒன்று. பாறையிலும் பெருமரத்திலும் ஒற்றை வதை தொங்கவிடும் பெருந்தேனீயும், செடிக்கொம்பில் கையளவு வதை கட்டும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் கட்டுபவை. பெட்டிக்குள் வளையம் வைக்கும் முறை அவற்றுக்குச் செல்லாது. கல்லோயாத் தேசியப் பூங்காப் பக்கம் போய் வதை வெட்டிவருவது சட்டப்படியும் குற்றம். செரானா பெட்டி வேண்டுமென்றால் வளர்ப்பவரிடம் கூட்டத்தோடு வாங்குவதே நேர்வழி. பயிற்சிக்குப் பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ நிலையம் இருக்கிறது. வளையம் வைக்கும் முன் ஒரு பூக்காலம் முழுக்கக் கூட்டத்தைச் சும்மா வளர்த்துப் பார்ப்பது நல்லது. முதல் மழைக்கே ஓடிப்போகும் கூட்டத்தில் வளையம் வைத்துப் பயனில்லை.

விற்கும் பதக்கத்தோடு துப்புரவு முறையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறைகளுக்குள் பவுடரும் தேங்காயெண்ணெயும் சேரும். சோப்பு நுரை கலந்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, குழாயடியில் கவிழ்த்துப் பிடித்தால் போய்விடும். நகைக்கடைகளில் வெள்ளியை முக்கியெடுக்கும் திரவத்தில் இட்டால் அழுக்கோடு அறையடிக் கறுப்பும் போய், பதக்கம் தட்டையாகத் தெரியும். அப்படி வெளுத்துத் திரும்பிவருபவற்றை மீண்டும் கறுக்கவைப்பது அரை மணித்தியால வேலை.